அளவறிந்து படமிடுவோம்

பனங்கட்டி, ஒடியல்மா, மிளகாய்த்தூள், கருவாடு போன்றவற்றை உற்பத்தி செய்யும் எமது கிராமத்துச் சங்கங்கள் பல, இன்று சந்தைக்குக் கொண்டுபோவதற்கு முன்பாகவே முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் தமது பொருட்களைக் காட்டத் தொடங்கிவிட்டன. கடை வாடகை இல்லை, இடைத்தரகர் இல்லை, கையில் ஒரு தொலைபேசி இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அந்த எண்ணம் தவறானதல்ல. ஆயினும் இவ்வாறு இடப்படும் படங்களை நாம் கவனித்துப் பார்க்கும்போது ஒரே குறைபாடு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. பொருள் நல்லது; படமும் தெளிவானது. ஆனால் விலை எழுதிய வரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். தொலைபேசி இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் இருக்கமாட்டா. சங்கத்தின் பெயர் பொத்தான்களுக்குக் கீழே மறைந்துபோயிருக்கும்.

இதை அழகு சம்பந்தப்பட்ட சிறு விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது. கடன் எடுத்துச் செய்த பனங்கட்டியைக் குட்டான்களில் அடைத்து வைத்திருக்கும் ஒரு மாதர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். மாரி தொடங்கிக் காற்றில் ஈரம் கூடினால் பனங்கட்டி இளகத் தொடங்கும். அதற்கு முன் விற்றாக வேண்டும். சங்கம் 5,000 ரூபா கட்டி ஒரு விளம்பரம் செய்கிறது. விளம்பரம் எத்தனை தடவை காட்டப்பட்டது என்பதை வைத்தே பெரும்பாலும் பணம் அறவிடப்படுகிறது. காட்டிய படத்தில் இலக்கம் தெரிந்ததா, தெரியவில்லையா என்பதை எவரும் கணக்கெடுப்பதில்லை. அழைப்பு வராதபோது “எங்கள் பொருளுக்குக் கேள்வி இல்லை” என்ற முடிவுக்குச் சங்கத்தார் வந்துவிடுகிறார்கள். உண்மையில் கேட்க நினைத்தவருக்கு இலக்கம் கிடைக்கவில்லை. ஆகவே இந்த இதழில் படத்தின் அளவு பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

விகிதம் முதலில், பிக்சல் பிறகு

அளவு என்று சொல்லும்போது இரண்டு விடயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. ஒரு பாயை நினைத்துப் பாருங்கள். பாய் சதுரமா, நீளமா என்பது ஒன்று. அதில் எத்தனை ஓலைகள் ஊடும் பாவுமாகப் பின்னப்பட்டுள்ளன என்பது வேறொன்று. ஓலை நுணுக்கமாக இருந்தால் பின்னல் வேலைப்பாடு துல்லியமாகத் தெரியும். அகலமாக இருந்தால் கரடுமுரடாகத் தெரியும். தொலைபேசித் திரையில் தெரியும் படமும் மிகச் சிறிய நிறக் கட்டங்களால் ஆனதே. அக்கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பே விகிதம். 1080 பிக்சல் அகலமும் 1080 பிக்சல் உயரமும் கொண்ட படத்தின் விகிதம் 1:1. அதே அகலத்துடன் 1350 உயரம் இருந்தால் 4:5. உயரம் 1920 ஆனால் 9:16.

பிக்சல் குறைந்தால் படம் மங்கும். விகிதம் பிழைத்தால் படம் வெட்டுப்படும். மங்கிய படத்திலும் இலக்கத்தை ஒருவாறு வாசித்துவிடலாம். வெட்டுப்பட்டுப் போனதை வாசிக்க வழியில்லை. எனவே விகிதத்தை முதலில் கவனிக்க வேண்டும் என்பதே எமது கருத்து. பெரும்பாலான பயிற்சிக் குறிப்புகள் இலக்கப் பட்டியலை முதலில் தந்துவிட்டு விகிதத்தை விளக்காமல் விடுகின்றன. அந்தப் பட்டியல்கள் சில ஆண்டுகளில் பழையனவாகிவிடுகின்றன. 2010இல் இன்ஸ்டகிராம் தொடங்கியபோது சதுரப் படம் மாத்திரமே அங்கு இட முடிந்தது. 2015இல்தான் நெடும்படத்துக்கும் அகலப்படத்துக்கும் இடம் கிடைத்தது. 2025 ஜனவரியில் ஒருவருடைய பக்கத்தில் வரிசையாகத் தெரியும் சிறு படங்களையும் சதுரத்திலிருந்து 3:4 என்ற நெடுவடிவத்துக்கு மாற்றினார்கள். அதுவரை சதுரமாகச் செய்து அடுக்கி வைத்திருந்த படங்களின் இரு பக்கங்களும் அந்த வரிசையில் மறைந்தன. 1080 அகலத்தில் நடுவிலுள்ள 810 மட்டுமே தெரிந்தது. விகிதத்தை விளங்கிக்கொண்டவருக்கு இப்படியான மாற்றம் வந்தாலும் தாமாகவே கணக்குப் பார்த்துக்கொள்ள முடியும்.

நான்கு சட்டங்கள்

ஒரு பழைய கலண்டர் அட்டையையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் நான்கு சன்னல்களை வெட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் அகலம் 8 சென்ரிமீற்றர். முதலாவதன் உயரம் 8, இரண்டாவதன் உயரம் 10, மூன்றாவதன் உயரம் 14.2, நான்காவதன் உயரம் 4.2 சென்ரிமீற்றர். சமூக ஊடகங்களில் நாம் சந்திக்கும் முக்கிய வடிவங்கள் இவை நான்குமே. சங்கக் கூட்டமொன்றில் இதைச் செய்து, சுவரில் ஒட்டிய ஒரு சுவரொட்டியின் மேல் ஒவ்வொரு சன்னலாகப் பிடித்துப் பார்த்தால், அரை மணி நேர விளக்கத்தில் புரியாதது உடனே புரிந்துவிடும்.

முதற்சட்டம் சதுரம், 1:1, 1080க்கு 1080. முகநூல், இன்ஸ்டகிராம் ஆகிய இரண்டிலும் அதிக இடைஞ்சல் இல்லாமல் தெரிவது இதுவே. வட்ஸ்அப் வணிகக் கணக்கிலுள்ள பொருட்பட்டியலுக்கும் இது பொருந்தும். ஒரு படம் மட்டும் செய்யத்தான் நேரம் இருக்கிறது என்றால் சதுரமாகச் செய்யுங்கள்.

இரண்டாவது 4:5, அதாவது 1080க்கு 1350. தொலைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பவரின் திரையில் இது சதுரத்தைவிடக் கால் பங்கு கூடுதலான இடத்தைப் பிடிக்கும். அகலவாட்டில் எடுத்த படத்துடன் ஒப்பிட்டால் ஒன்றரை மடங்குக்கும் மேல். பணம் கூடுதலாகக் கட்டாமல் இடம் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதால் பொருள் விற்பனைக்கு இவ்வடிவத்தையே நாம் பரிந்துரைப்போம்.

மூன்றாவது 9:16, 1080க்கு 1920. தொலைபேசித் திரை முழுவதையும் நிரப்பும் வடிவம். வட்ஸ்அப் ஸ்டேட்டஸ், முகநூல் ஸ்டோரி, இன்ஸ்டகிராம் ஸ்டோரி, ரீல்ஸ் யாவும் இதற்குள் அடங்கும். ஸ்டேட்டஸும் ஸ்டோரியும் 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும் என்பதால் “இன்று சந்தைக்கு வருகிறோம்”, “நாளை காலை நெத்தலிக் கருவாடு கிடைக்கும்” போன்ற அன்றாடச் செய்திகளுக்கு இது ஏற்றது.

நான்காவது 1.91:1 என்ற படுக்கை வடிவம், 1200க்கு 630. இணையத்தள முகவரி ஒன்றை முகநூலில் பகிரும்போது அதனுடன் வரும் படத்துக்குரியது. சொந்த இணையத்தளம் இல்லாத சங்கங்களுக்கு இது அதிகம் தேவைப்படாது. யூரியூப்பில் காணொளி இடுவோர் அதன் முகப்புப் படத்துக்கு 16:9 விகிதத்தில் 1280க்கு 720 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதன் வலது கீழ் மூலையில் காணொளியின் நேரம் காட்டப்படும் என்பதால் அங்கே எதையும் எழுதாதீர்கள்.

முகநூல் பக்கத்தின் மேலே வரும் அட்டைப்படம் தனி ரகம். கணினியில் அது 851க்கு 315 ஆகவும், தொலைபேசியில் 640க்கு 360 ஆகவும் காட்டப்படும் என முகநூல் தனது குறிப்பில் கூறியுள்ளது. கணினிக்கு அளவாகச் செய்த படத்தைத் தொலைபேசியில் பார்த்தால் இரு கரைகளிலும் ஏறத்தாழ 145 பிக்சல் வீதம் மறைந்துவிடும். எமது வாடிக்கையாளரில் பெரும்பாலானோர் தொலைபேசியில் பார்ப்பவர்கள். ஆகையால் பெயரை நடுவில் எழுதிக் கரைகளில் வடலியோ வயலோ கடலோ இருக்க விடுவது நல்லது. முகப்புச் சின்னமாக இடும் படம் வட்டமாகத் தெரியும். வட்டத்துக்குள் அடங்காத நான்கு மூலைகளும் சேர்ந்து சதுரத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். சங்க இலச்சினையின் மூலையில் பதிவிலக்கம் எழுதியிருந்தால் அது போய்விடும்.

தொலைபேசியை எப்படிப் பிடிப்பது?

வெட்டும் வேலை படம் எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. பல தொலைபேசிக் கமெராக்கள் 4:3 விகிதத்தில் படம் எடுக்கின்றன. 12 மெகாபிக்சல் படமென்றால் 4000க்கு 3000 பிக்சல் என்று கொள்ளலாம். தொலைபேசியைப் படுக்கையாகப் பிடித்து எடுத்த அந்தப் படத்திலிருந்து 4:5 வடிவத்தை வெட்டினால், 3000 உயரத்துக்கு 2400 அகலம்தான் கிடைக்கும். மிகுதி 1600, அதாவது படத்தின் ஐந்தில் இரண்டு பங்கு, வீண். அதே பொருளை நெட்டாகப் பிடித்து எடுத்திருந்தால் 3000க்கு 4000 படத்திலிருந்து 3000க்கு 3750 கிடைத்திருக்கும். இழப்பு மிகச் சொற்பம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழுப்படம் எடுப்பதுபோல எல்லாவற்றையும் படுக்கையாகவே எடுப்பார்கள். போத்தல்களை இடமிருந்து வலமாக வரிசையில் நிறுத்தி இரு முனைகளும் கரையில் முட்டும்படி எடுப்பார்கள். பன்னிரண்டு மிளகாய்த்தூள் போத்தல்கள் வரிசையாக நிற்கும் படத்தைச் சதுரமாக வெட்டினால் இரு முனைகளிலும் பாதிப் போத்தல் நிற்கும். மூன்று போத்தலை முன்னும் பின்னுமாகக் கூட்டி வைத்து, நான்கு பக்கமும் வெற்றிடம் விட்டு, நெட்டாகப் பிடித்து எடுங்கள். அந்த ஒரே படத்திலிருந்து சதுரம், 4:5, 9:16 மூன்றையும் வெட்டிக்கொள்ளலாம். பின்னால் பாய் விரித்திருந்தாலோ வெள்ளைச் சுவர் இருந்தாலோ, வெற்றிடத்தில் எழுத்து வைப்பதும் இலகு. பல தொலைபேசிகளின் படத்தொகுப்புச் செயலியிலேயே விகிதம் தெரிவு செய்து வெட்டும் வசதி இருக்கிறது. இதற்கென வேறு செயலி தேடவேண்டிய அவசியம் இல்லை.

எடுத்த மூலப்படத்தை அழிக்காதீர்கள். அதில் ஒரு பிரதி எடுத்து அதையே வெட்டுங்கள்.

எழுத்து எங்கே இருக்க வேண்டும்?

முழுத்திரைப் படத்தில்தான் அதிக பிழைகளைக் காண்கிறோம். 9:16 படத்தின் மேற்பகுதியில் கணக்கின் பெயரும், கீழே பதில் எழுதும் பெட்டியும் பொத்தான்களும் வந்து அமரும். ஸ்டோரி விளம்பரங்களுக்கு மேலே 14 வீதமும் கீழே 20 வீதமும் எழுத்தின்றி விடும்படி மெற்றா நிறுவனம் ஆலோசனை கூறுகிறது. 1920 உயரத்தில் இது மேலே ஏறத்தாழ 270, கீழே ஏறத்தாழ 385 பிக்சல். ரீல்ஸ் விளம்பரத்தில் இன்னும் இறுக்கம்: கீழே 35 வீதமும் இரு பக்கமும் 6 வீதமும் விட வேண்டும். கணக்குப் பார்த்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 950 அகலமும் 980 உயரமும் கொண்ட, சதுரத்துக்கு ஒப்பான ஓரிடம். அதுவும் படத்தின் நடுவில் அல்ல, சற்று மேலே. விலையும் இலக்கமும் அங்கேயே இருக்க வேண்டும். இலக்கத்தை அடியில் எழுதுவது அச்சு நோட்டீசில் எமக்குப் பழகிப்போன முறை. திரையில் அந்த முறை உதவாது.

அச்சு நோட்டீஸ் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். அச்சகத்தில் செய்த ஏ4 தாள் நோட்டீசை அப்படியே படமாக்கி இடுவது எங்கும் நடக்கிறது. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். சாதாரண தொலைபேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 67 மில்லிமீற்றர். தாள் மூன்றிலொன்றுக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. தாளில் 12 புள்ளி அளவில் இருந்த எழுத்து திரையில் 4 புள்ளியிலும் சிறிதாகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் வரும் துண்டுக் காகிதத்தின் எழுத்தைவிடச் சிறிது அது. ‘கி’, ‘கீ’ என்பவற்றின் விசிறிகளும், ‘கு’, ‘கூ’ என்பவற்றின் சுழிகளும் ஒன்றுடன் ஒன்று ஒட்டிக்கொள்ளும். 1080 அகலப் படத்தில் சாதாரண எழுத்து 45 பிக்சல் உயரத்துக்குக் குறையாமலும், விலையும் இலக்கமும் அதன் இரு மடங்காகவும் இருக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இவ்வளவு பெரிய எழுத்தில் ஐந்தாறு வரிகளுக்கு மேல் எழுத முடியாது. அதுவும் நன்மைக்கே.

மும்மொழியில் எழுதும் சங்கங்கள் மூன்று மொழிகளையும் ஒரே படத்தில் திணிப்பதைத் தவிர்க்க வேண்டும். மொழிக்கு ஒரு படம் செய்து தனித்தனியே இட்டால் மூன்று மொழியினரும் வாசிப்பார்கள். ஒன்றாகத் திணித்தால் ஒருவரும் வாசியார்.

இலக்கமும் விலையும் படத்தில் மட்டும் இருந்தால் போதாது. படத்துடன் இடும் குறிப்பிலும் எழுதுங்கள். படத்திலுள்ள இலக்கத்தை வாசிப்பவர் வேறெங்காவது குறித்துக்கொள்ள வேண்டும். வட்ஸ்அப்பில் எழுத்தாக வந்த இலக்கத்தைத் தொட்டாலே அழைக்கலாம். கண்பார்வை குறைந்தோர் திரையை வாசித்துக் காட்டும் வசதியைப் பயன்படுத்தும்போதும் எழுத்தாக உள்ளதே அவர்களை நிச்சயமாகச் சென்றடையும். இங்கு ஒரு எச்சரிக்கை. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்ததை முகநூலில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

வட்ஸ்அப் வழியே வரும் படம்

ஒரு படம் கிராமத்திலிருந்து சங்கச் செயலாளருக்கும், அவரிடமிருந்து முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும் வட்ஸ்அப்பிலேயே போகிறது. வட்ஸ்அப் வழமையாகப் படத்தைச் சுருக்கியே அனுப்பும். முகநூல் அதை மீண்டும் சுருக்கும். இடையில் யாராவது திரையைப் படம்பிடித்து அனுப்பியிருந்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டையும் பற்றரி அடையாளமும்கூடச் சேர்ந்து வரும். 2023 முதல் வட்ஸ்அப்பில் படத்தை எச்.டி. தரத்தில் அனுப்பும் தெரிவு உள்ளது. அதை அழுத்தி அனுப்பச் சொல்லுங்கள். படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருக்கமின்றி அப்படியே சேரும். டேற்றா சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஆனால் இது மூலப்படத்தை ஒரு முறை அனுப்பும் செலவு மட்டுமே.

இறுதியாக முகநூலில் இடும் படம் 1080 அகலத்தில் இருந்தால் போதுமானது. 4000 பிக்சல் படத்தை ஏற்றினாலும் அவர்கள் அதைத் தமது அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். அந்தக் குறைப்பை நாமே செய்துவிட்டால் ஏற்றும் நேரமும் டேற்றாவும் மிச்சம். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் மட்டும் பயனில்லை. 400 பிக்சல் படத்தை 1080 ஆக்கினால் இல்லாத ஓலையைப் பாயில் சேர்க்க முடியாததுபோலவே தெளிவும் சேராது. பொருளின் படத்துக்கு ஜே.பி.ஜி. வகை ஏற்றது. எழுத்தும் தட்டையான நிறங்களும் மிகுந்த அறிவித்தலுக்கு பி.என்.ஜி. வகை நல்லது, ஜே.பி.ஜி.யில் எழுத்தின் ஓரங்களில் புகை படிந்தாற்போல் வரும்.

பணம் கட்டுவதற்கு முன்

விளம்பரப் படத்தில் எழுத்து 20 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று இன்றும் சில வகுப்புகளில் சொல்லித்தரப்படுகிறது. அந்த விதியை முகநூல் 2020இல் கைவிட்டுவிட்டது. குறைந்த எழுத்து நல்லது என்பது வேறு, விதி என்பது வேறு.

முக்கியமானது யாதெனில், ஒரு விளம்பரத்துக்குப் பணம் கட்டும்போது அது ஓரிடத்தில் மட்டும் காட்டப்படுவதில்லை. முகநூல், இன்ஸ்டகிராம், ஸ்டோரி, ரீல்ஸ் என்று வெவ்வேறு வடிவமுள்ள பல இடங்களில் அதே படம் போகும். தானாகவே விட்டுவிட்டால் 4:5 படம் ஸ்டோரியில் மேலும் கீழும் நிறப்பட்டையுடன் நிற்கும். சில இடங்களில் வெட்டுப்பட்டு நிற்கும். விளம்பர முகாமைப் பக்கத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் தனிப்படம் கொடுக்கும் வசதி உண்டு. 4:5, 9:16 இரண்டையும் முன்கூட்டியே செய்து வைத்திருந்தால் அங்கே மாற்றிக்கொடுப்பது ஐந்து நிமிட வேலை. அதற்கும் வசதிப்படாதவர்கள் படம் பொருந்தாத இடங்களைத் தெரிவிலிருந்து நீக்கிவிடலாம். குறைந்த இடங்களில் ஒழுங்காகத் தெரிவது, எல்லா இடத்திலும் அரைகுறையாகத் தெரிவதைவிட மேல்.

பணம் கட்டும் பொத்தானுக்கு முன்னரே, விளம்பரம் ஒவ்வோரிடத்திலும் எப்படித் தெரியும் என்ற முன்காட்சி வரும். அதை அவசரமாகக் கடந்து போகாமல் இடம் இடமாகத் திறந்து பாருங்கள். முன்காட்சியின் இணைப்பை, சங்கத்தில் ஆகச் சிறிய, பழைய தொலைபேசி வைத்திருக்கும் உறுப்பினருக்கு அனுப்புங்கள். விலையையும் இலக்கத்தையும் கண்ணாடி போடாமல் உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் ஒவ்வொரு எண்ணாக வாசித்து முடித்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.